றெஜினா நன்றாக வாசிக்கிறாள் என்றார்கள்

சென்ற மாதம் என்னை ஒரு கண்காட்சிக்கு நடுவராக அழைத்தார்கள். ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் செய்த கற்பித்தல் உபகரணங்களின் கண்காட்சி அது. ஓய்வுபெற்றவர்களுக்கு வேறு வேலை இல்லை என்பது ஊருக்கே தெரிந்த விஷயம், ஆகவே எங்களை எதற்கும் நடுவராக இருத்தலாம். புத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். மண்டபம் முழுக்க மேசைகள், மேசை முழுக்க மினுங்கல் கடதாசி. ஒரு மேசையில் தச்சுவேலை செய்பவர்கள் பலகை தேய்க்கிற அரத்தாளில் எழுத்துகளை வெட்டி, மட்டையில் ஒட்டி வைத்திருந்தார்கள். மிக நேர்த்தியான வேலை. வாசிக்கச் சிரமப்படுகிற பிள்ளை விரலால் தடவித் தடவி எழுத்தின் உருவத்தைப் பழகுவதற்கென்றே உள்ள சாமான் அது. அந்த எழுத்துகளின் மேல் வழுவழுப்பான பிளாஸ்ரிக் உறை போட்டு மூடி, பக்கத்தில் அழகான கையெழுத்தில் “தயவுசெய்து தொடாதீர்கள்” என்று எழுதியிருந்தார்கள்.

நான் அந்த மேசைக்கு முன்னால் கனநேரம் நின்றுவிட்டேன் போலிருக்கிறது. அதைச் செய்தவள், அண்மையில் நியமனம் பெற்ற ஒரு இளம் ஆசிரியை, கிட்ட வந்து, “என்ன மிஸ், ஏதும் பிழையோ?” என்று கேட்டாள்.

“தொடக்கூடாதெண்டால் இது என்னத்துக்குப் பிள்ளை?”

“ஊத்தையாப் போடும் மிஸ். நாளைக்கு வலயக் கல்விக் கந்தோரிலையிருந்து வந்து பாப்பினம்.”

அவளை நான் ஏசவில்லை. இந்த நோய் அவளோடு தொடங்கியதல்ல. மற்ற நடுவர்கள் இரண்டு பேரும் அதற்கே முதலிடம் கொடுத்தார்கள். பிறகு தேநீர் குடிக்கும்போது அவள் என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, “நீங்கள் உந்த மட்டையளை வைச்சு எப்பிடிப் படிப்பிச்சனீங்கள் மிஸ்? ஒருக்கா எழுதித் தாங்கோவன்” என்றாள். எழுதுகிறேன் என்று சொன்னேன். பொறுமையாக எழுதுவேன் என்று சொல்லவில்லை.

ஆசிரியர் கலாசாலையில் நான் படித்ததைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாதிக் காலம் ஊரடங்கு, மீதிக் காலம் இடப்பெயர்வு. சோதனை மட்டும் எப்படியோ நடந்தது. பிறகு வன்னியில் சில வருடங்கள், தென்மராட்சியில் சில வருடங்கள். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குப் படிப்பிப்பது எப்படி என்று எங்களில் சிலருக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார், நல்ல மனுசி, மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்வரை சிரித்தபடியே நிற்பார். முடிவில் ஆளுக்கொரு பெட்டி தந்தார். வீட்டுக்கு வந்து ஆசையோடு திறந்து பார்த்தால் உள்ளே மரத்தில் செய்த இருபத்தாறு ஆங்கில எழுத்துகள். தமிழுக்கு நாங்களே வெட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. கத்தரிக்கோல் பிடித்து என் பெருவிரலில் விழுந்த காய்ப்பு இன்னும் இருக்கிறது.

அந்த இளம் ஆசிரியை கேட்டது இதைத்தான், ஆகவே முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் மண். எந்த மண்ணும் சரிவராது. கடற்கரை மண்ணில் உப்பின் ஈரம் இருக்கும், விரலில் ஒட்டும், கீறுகிற கோடு உடைந்துவிடும். எங்கள் செம்மண் நகத்துக்குள் போய் இருந்துகொள்ளும், தாய்மார் சண்டைக்கு வருவார்கள். வெள்ளை மணலை எடுத்து, பிட்டுக்கு மா அரிப்பதுபோல அரித்து, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் காயப்போட வேண்டும். பிஸ்கற் தகரப் பேணியின் மூடியில் நகம் மூழ்குகிற அளவுக்குப் பரவினால் போதும். அடியில் கடும் நீலக் கடதாசி ஒட்டிவிட்டால் பிள்ளை எழுதுகிற கோடு நீலமாகத் தெரியும், அது பிள்ளைக்குச் சந்தோஷம்.

அடுத்தது தடவுகிற எழுத்து. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, எழுதுகிற திசையிலேயே தடவ வேண்டும். விரல் ஓடுகிற நேரத்திலேயே வாயும் ஒலியைச் சொல்ல வேண்டும், முந்தவும் கூடாது பிந்தவும் கூடாது. ஆனா, ஆவன்னா, கானா என்று எழுத்தின் பெயரைச் சொல்லவிடக் கூடாது. பிள்ளை வாசிக்கப்போவது ஒலியை, பெயரை அல்ல. கண்ணைத் திறந்து ஒரு தடவை, மூடி ஒரு தடவை, பிறகு மண்ணில், பிறகுதான் கொப்பியில். “கொ” போன்ற எழுத்துகளில்தான் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள். கொம்பு முன்னால் நிற்கிறது, அரவு, அதாவது துணைக்கால், பின்னால் நிற்கிறது, ஆனால் வாயில் வருவது நடுவில் நிற்கிற எழுத்து. கண் காண்கிற ஒழுங்கு ஒன்று, வாய் சொல்கிற ஒழுங்கு வேறொன்று. ஆகவே கொம்பையும் அரவையும் தனித்தனித் துண்டாக வெட்டி, பிள்ளையே தன் கையால் கொண்டுபோய் எழுத்தின் இரண்டு பக்கமும் வைக்க வேண்டும். கைக்கு விளங்கினால் பிறகு கண்ணுக்கு விளங்கும். இவ்வளவுதான் முறை. இதில் மினுங்கல் கடதாசிக்கு எந்த இடத்திலும் வேலை இல்லை.

இந்த முறையோடு நான் கடைசியாக வேலை செய்தது யாழ்ப்பாண நகரின் கரையோரத்தில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில். பிள்ளைகள் பெரும்பாலும் கடற்றொழில் செய்கிற கத்தோலிக்கக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அங்கே இருந்த அதிபரின் பெயர் வேண்டாம், அதிபர் என்றே சொல்கிறேன். தலைமுறை தலைமுறையாக மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்தும் படிப்பித்தும் வந்த குடும்பத்து மனிதர். வெள்ளைச் சேட்டு, மடிப்புக் கலையாது. ஒரு பிள்ளைக்கும் கை நீட்டியதில்லை, சத்தம் போட்டதும் இல்லை. வகுப்பு வாசலில் பிள்ளைகள் கழற்றிவிட்ட செருப்புகள் கோணலாகக் கிடந்தால் தானே குனிந்து நேராக்கி வைத்துவிட்டுப் போவார். இப்படிப்பட்ட மனிதரோடு சண்டை பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று பிடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எதைக் கேட்டாலும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பவும் போட்டு, “பாப்பம் ரீச்சர்” என்பார். அவருடைய அகராதியில் பாப்பம் என்றால் இல்லை.

நான் வெட்டிய எழுத்துகள், மண் மூடிகள், கொம்பு, அரவு எல்லாம் அவருடைய அறையில் இருந்த கண்ணாடி அலுமாரிக்குள் போய்விட்டன. வருகிறவர்கள் பார்க்க வேண்டுமாம். அலுமாரிப் பூட்டின் திறப்பை முகம் துடைக்கிற லேஞ்சியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். நான் போய்க் கேட்பேன்.

“பிள்ளையள் பழுதாக்கிப் போடுவினம் ரீச்சர்.”

“பழுதாகட்டும் எண்டுதான் சேர் செய்தது. பழுதானால் திரும்பவும் செய்வன்.”

“பாப்பம்.”

நானும் விட்டுவிடுவதில்லை. வீட்டில் இருந்து இன்னொரு தொகுதி வெட்டிக்கொண்டு வருவேன். கொஞ்ச நாளில் அதுவும் அலுமாரிக்குள் போய்விடும். நேர்த்தியாகச் செய்தால் அலுமாரி, அசிங்கமாகச் செய்தால் என்னிடம் இருக்கும் என்று பிற்பாடு கண்டுபிடித்தேன். அதற்குப் பிறகு வேண்டுமென்றே கோணலாக வெட்டினேன்.

அதிபருக்கு வாசிப்பு என்றால் உச்சரிப்பு. லகரம், ளகரம், ழகரம் ஒன்றோடொன்று கலக்காமல், குரல் தளராமல், கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னால் அது நல்ல வாசிப்பு. அந்தக் கணக்கில் எங்கள் பள்ளிக்கூடத்தின் மிகச் சிறந்த வாசிப்புக்காரி நாலாம் வகுப்பு றெஜினா. மெலிந்த பிள்ளை, பெரிய கண், மணிக் குரல். விருந்தினர் வந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். புத்தகத்தைக் கையில் விரித்துப் பிடித்து, இடைக்கிடை நிமிர்ந்து பார்த்து, ஒரு சொல் தடக்காமல் வாசிப்பாள். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டும் அவள்தான்.

ஒருநாள் தன் வகுப்பில் பின்தங்கியிருந்த ஒரு சினேகிதியை என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தாள். சினேகிதி வெட்கப்பட்டாள். “நான் முதல் வாசிச்சுக் காட்டுறன், பிறகு நீ வாசி” என்று றெஜினா பெரிய மனுசி மாதிரிச் சொல்லிவிட்டு, பாடப் புத்தகத்தைத் திறந்து தொடங்கினாள். யன்னலால் வந்த காற்று பக்கங்களைப் புரட்டிவிட்டது. மழை பற்றிய பாடம் போய் பனைமரம் பற்றிய பாடம் வந்துவிட்டது. றெஜினா பனைமரப் படத்தைப் பார்த்தபடியே மழைப் பாடத்தைத் தொடர்ந்து வாசித்தாள். முற்றுப்புள்ளி வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்தினாள், கேள்வி வருகிற இடத்தில் உயர்த்தினாள்.

அவளுக்கு ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியாது. வகுப்பில் யாராவது ஒருதரம் வாசித்தால் போதும், அப்படியே பிடித்துவிடுவாள். அதனால்தான் எப்போதும் மூன்றாவது நாலாவது ஆளாக எழும்புவாள், முதலாவதாக எழும்ப மாட்டாள். கோயில் மன்றாட்டையும் யாராவது முதலில் ஒருதரம் வாசித்துக் காட்டியிருப்பார்கள். வீட்டில் பின்னேரச் செபமாலை, மரியன்னை மன்றாட்டு மாலை எல்லாம் பால்குடி நாளிலிருந்தே காதால் கேட்டு வளர்ந்த பிள்ளை. மற்றப் பிள்ளைகளின் வருத்தம் வெளியே தெரிந்தது, அவர்களுக்கு யாராவது உதவி செய்தார்கள். இவளுடைய வருத்தத்துக்குக் கைதட்டினார்கள்.

அதிபரிடம் போனேன். அவர் அவளை அழைத்து, நாலாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தார். அவள் வாசித்தாள், அலுமாரிக் கண்ணாடி அதிருகிற மாதிரி வாசித்தாள். அதிபர் என்னைப் பார்த்தார்.

“இதுக்கு மேலை என்ன வேணும் ரீச்சர்?”

“அவ காணாத ஒரு புத்தகத்தைக் குடுத்துப் பாருங்கோ சேர்.”

“பிள்ளையை மடக்கிறது படிப்பித்தல் இல்லை” என்றார் அமைதியாக. அந்த வசனத்தில் பிழை சொல்ல முடியாது என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

தாயை வரச் சொன்னேன். பிலோமினா என்று பெயர். என்னிடம் வரும்போதே முகம் கோபமாக இருந்தது, யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். “என்ரை பிள்ளை கோயில்லை வாசிக்கிறவள் ரீச்சர். பங்குச் சுவாமியே கேட்டுச் சந்தோஷப்பட்டவர்” என்றாள். நான் விவாதிக்கவில்லை. ஒரு கடதாசித் துண்டில் “அம்மா சந்தையில் மீன் விற்றா” என்று எழுதி றெஜினாவிடம் கொடுத்தேன். அவள் துண்டைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள், வெயில் கண்ணைக் கூசுது என்றாள், தண்ணீர் குடிக்க வேணும் என்றாள். கடைசியில் துண்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிலோமினாவுக்கு விளங்கிவிட்டது. அவள் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

சரி, இனி வேலையைத் தொடங்கலாம் என்று மண் மூடியை எடுத்து வைத்தேன். பிலோமினா எழும்பிவிட்டாள்.

“மண்ணிலை எழுத விடமாட்டன் ரீச்சர்.”

“ஏன்?”

“மூண்டு வயசிலை சுவாமி கைபிடிச்சு அரிசியிலை எழுதுவிச்சவர். ஏடு தொடக்கின பிள்ளை. ஒன்பது வயசிலை திரும்பவும் மண்ணிலையோ? ஆரும் கண்டால் என்ன சொல்லுவினம்? படிப்பு ஏறேல்லை, திரும்பவும் முதலிலையிருந்து தொடங்கினம் எண்டெல்லோ சொல்லுவினம்.”

இது பிலோமினா ஒருத்தியின் பைத்தியம் அல்ல. இந்துத் தாய்மாரும் இதையே சொல்லியிருக்கிறார்கள். விஜயதசமிக்கு அரிசியில் விரல் பிடித்து எழுதுவது சுப காரியம். அதே விரலைச் சில வருடம் கழித்து மண்ணில் வைத்தால் குடும்பத்துக்கு மானக்கேடு. அரிசிக்கும் மண்ணுக்கும் நடுவில் எங்கள் சனம் போட்டுவைத்திருக்கிற இந்த வேலியைத் தாண்ட எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் தனியே கதைத்துக்கொண்டு போனேன், பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் பிலோமினாவிடம் வேறு மாதிரிக் கேட்டேன். “வலைக்குக் கட்டுற கயிறு வீட்டிலை கிடக்கோ?” ஓம், கிடக்கு என்றாள். அதைக் கொண்டு வரச்சொல்லி, மட்டையில் பசை பூசி, கயிற்றை எழுத்தாக வளைத்து ஒட்டினோம். தகப்பன் கரைக்கு வந்திருந்த நாட்களில் அவரே நறுக்கி அனுப்பினார். மண்ணில் தடவுவதும் கயிற்றில் தடவுவதும் ஒன்றுதான் என்று நான் வாயே திறக்கவில்லை. “கயிறெண்டால் பரவாயில்லை” என்றாள் பிலோமினா. கயிறு தொழில், மண் வெட்கம். நல்லது, கடவுளே என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இன்னொரு நிபந்தனை வைத்தாள், மற்றப் பிள்ளைகள் காணக்கூடாது. ஆகவே மதிய உணவுக்கான அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த அறையில், உடைந்த வாங்கு ஒன்றில், இடைவேளை நேரங்களில் இரண்டு பேரும் இருந்தோம். நல்ல வாசிப்புக்காரி வாசிக்கப் பழகுவதற்கு ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது.

என் வேலைக் காலத்தில் எத்தனையோ பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன், இவளைப்போல என்னைக் களைக்கப் பண்ணியவர்கள் இல்லை. தடவும்போது கெதியாகப் பழகினாள். கண்ணை மூடிக்கொண்டு கயிற்றில் விரல் வைத்தால் எழுத்தைச் சரியாகச் சொல்வாள். கண்ணைத் திறந்ததும் எல்லாம் போய்விடும், என் முகத்தைப் பார்த்து ஊகிக்கத் தொடங்குவாள். மட்டைகளை ஒருநாள் வைத்த ஒழுங்கை மறுநாள் பாடமாக்கிக்கொண்டு வந்திருப்பாள். சொற்களை எழுதி வைத்தால் முதல் எழுத்தைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டு ஓடும். “தோணி” என்று எழுதினால் “தோட்டம்” என்பாள், அதையும் கொஞ்சமும் தயங்காமல், தெளிவான உச்சரிப்போடு. மற்றப் பிள்ளைகளிடம் இல்லாத ஞாபகசக்தி இவளிடம் இருந்தது, அதுதான் குறுக்கே நின்றது.

கடைசியில் அர்த்தமே இல்லாத சொற்களைச் செய்தேன். பிமு. தொகா. லெணு. இவற்றை யாரும் எங்கும் சொல்லியிருக்க மாட்டார்கள், காதால் பிடித்து வைத்திருக்கவும் முடியாது. றெஜினாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“இது ஒரு சொல்லும் இல்லை ரீச்சர். இல்லாத சொல்லை ஏன் வாசிக்க வேணும்?”

“இருக்கிற சொல்லை நீ வாசிக்கிறேல்லை. அதுதான்.”

அழுதாள். கொஞ்ச நேரத்தில் மூக்கைத் துடைத்துவிட்டு கொம்பை எடுத்து “த”வுக்கு முன்னால் வைத்தாள், அரவை எடுத்துப் பின்னால் வைத்தாள். வாயைத் திறக்கவில்லை, விரலால் மூன்றையும் தடவினாள். “தொ” என்றாள். பிறகு “தொ… கா.” என் முகத்தை அவள் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். அதற்குப் பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

மெதுவாக, மிக மெதுவாக ஒரு வரி, இரண்டு வரி என்று வந்தாள். விரல் வைத்து, திக்கி, நின்று, திரும்பிப் போய். “என்ரை குரல் அசிங்கமாக் கிடக்கு ரீச்சர்” என்பாள். அவளுக்கு அந்த மணிக் குரல்தான் எல்லாமும். அதை விட்டுவிட்டு இப்படிச் செக்கிழுப்பதற்கு எவ்வளவு மனம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்போதுதான் வாசிப்பு மாதம் வந்தது. சாவகச்சேரியில் ஒரு வாசிப்புப் போட்டி, முன்பு காணாத பந்தி ஒன்றை அங்கேயே கொடுப்பார்கள். அதிபர் றெஜினாவின் பெயரை அனுப்பிவிட்டார். நான் போய் நின்றேன்.

“சேர், பிள்ளை இப்பதான் எழுத்துக் கூட்டுறா. அடுத்த வருசம் அனுப்புவம்.”

“எங்கடை பள்ளிக்கூடத்திலை இதைவிட ஆர் வாசிக்கினம்?”

“அவ வாசிக்கிறேல்லை சேர், சொல்லுறா.”

“பாப்பம்” என்றார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பயிற்சி கொடுப்பதற்காக ஒவ்வொரு நாளும் தன் அறைக்கு அழைத்து ஒரு பந்தியைத் தானே வாசித்துக் காட்டி, பிறகு அவளை வாசிக்கச் சொன்னார். அவர் வாசித்ததும் அவள் பிடித்துக்கொள்வாள். நான் இடைவேளையில் பின்னியதை அவர் பின்னேரத்தில் அவிழ்த்தார். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

தாயிடம் போய்க் கேட்டேன், போட்டியிலிருந்து மறித்துவிடு என்று. கோயில் சனம் முழுக்கத் தெரிந்துவிட்டதாம், இனி எப்படி மறிப்பது என்றாள். மிச்சம் இருந்தது றெஜினாதான்.

“போறன் ரீச்சர்” என்றாள். பிறகு, “பழைய மாதிரி வாசிக்கவோ, புது மாதிரி வாசிக்கவோ?” என்று கேட்டாள்.

“பழைய மாதிரி அங்கை வராது பிள்ளை. அது நீ கேளாத கதை.”

போட்டி நாளன்று அதிபர், பிலோமினா, றெஜினா, நான், நாலு பேரும் போனோம். எங்களுக்கு முன்னால் வாசித்த பிள்ளைகள் பட்டாசு மாதிரி வாசித்தார்கள். ஆளுக்கொரு பந்தி, ஒருவரின் பந்தி மற்றவருக்கு வராது. றெஜினாவுக்குக் கிடைத்தது ஒரு தாத்தா குடையைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற கதை. மேடையில் ஏறித் தாளைப் பார்த்தாள். பின்னுக்கு இருந்த எனக்கே அவளுடைய மூச்சு தெரிந்தது. அந்த நேரத்தில் அவள் எதையும் சொல்லியிருக்கலாம். மழைப் பாடத்தைச் சொல்லியிருந்தால் கூடக் குரலைக் கேட்டுப் பாதிப் பேர் தலையாட்டியிருப்பார்கள். அவள் விரலை எடுத்து முதல் சொல்லின் கீழே வைத்தாள்.

“தா… தா… தாத்தா… குடை… யை…”

மண்டபத்தில் சில பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு நடுவர், “விரல் வைக்கக்கூடாது பிள்ளை” என்றார். விரலை எடுத்தாள், வரி தவறிவிட்டது, திரும்பவும் வைத்தாள். தாத்தா பஸ்ஸில் போய்க் கேட்டார், தேநீர்க் கடையில் கேட்டார், பொலிஸ் நிலையத்துக்குப் போனார். அந்த இடத்தில் மணி அடித்துவிட்டார்கள். றெஜினா நிறுத்தவில்லை. இரண்டாவது தடவையும் மணி அடித்த பிறகு நிமிர்ந்து, நடுவரைப் பார்த்து, “குடை கிடைச்சதோ?” என்று கேட்டாள். நடுவர் சிரித்துவிட்டு அடுத்த பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்.

வெளியே வேப்பமரத்தின் கீழே அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நல்லா வாசிச்சுக்கொண்டிருந்த பிள்ளை ரீச்சர். நீங்கள் என்ன செய்தனீங்கள்?” என்றார். அவருடைய குரலில் கோபம் இல்லை, உண்மையான கவலை இருந்தது.

“வாசிக்கப் பழக்கினன் சேர்.”

பாப்பம் என்று கூட அவர் சொல்லவில்லை. பிலோமினா லேஞ்சியால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். கடைசி இடம் எங்களுக்குத்தான் என்று சொல்லத் தேவையில்லை.

யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் அதிபர் எங்களுக்கு முன் இருக்கையில் யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நடுவில் றெஜினா, ஒரு பக்கம் தாய், மறுபக்கம் நான். நுணாவில் தாண்டியதும் றெஜினா சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். போட்டிப் பந்தி. மேடையிலிருந்து இறங்கும்போது அப்படியே கொண்டுவந்துவிட்டாள்.

“அதைத் திருப்பிக் குடுத்திருக்க வேணும்” என்றார் அதிபர் திரும்பிப் பார்த்து.

“மிச்சம் என்னண்டு தெரியேல்லை சேர்” என்றாள். பிறகு என்னிடம், “ரீச்சர், குடை எங்கை எண்டு நீங்கள் சொல்லுங்கோ.”

பக்கத்தில் இருந்த நான் தாளின் கடைசி வரியைக் கண்டுவிட்டேன், சொல்ல வாய் வந்தது. பொத்திக்கொண்டேன். “எனக்கும் தெரியாது. வாசி பாப்பம்” என்றேன்.

அவள் பொலிஸ் நிலையத்திலிருந்து தொடங்கினாள். பஸ் குலுக்கியது, விரல் வரி மாறியது, திரும்பவும் தேடிப் பிடித்தாள். சத்தமாகத்தான் அவளுக்கு வாசிக்க வரும். பக்கத்து இருக்கைச் சனம் திரும்பிப் பார்த்தது. அதிபர் தலையைத் திருப்பி, “ரீச்சர், பிள்ளையைக் கொஞ்சம் மெல்லமா வாசிக்கச் சொல்லுங்கோ, சனம் பாக்குது” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் பிலோமினா லேஞ்சியை முகத்திலிருந்து எடுத்தாள். “வாசிக்கட்டும் சேர்” என்றாள்.

நாவற்குழிப் பாலம் வரும்போது கடைசி வரிக்கு வந்துவிட்டாள். அதை முடித்துவிட்டு, நம்பாமல் இன்னொரு தடவை வாசித்தாள்.

“குடை அவரின்ரை கையிலைதான் தொங்கினதாம் ரீச்சர்.”

“ஓம்.”

“இதுக்கோ இவ்வளவு தூரம் அலைஞ்சவர்?”

“அப்பிடித்தான் போலக் கிடக்கு.”

“விசர்க் கதை” என்றாள் றெஜினா. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பிறகு என்னுடைய கைப்பையைப் பார்த்தாள். “வேறை ஏதும் வைச்சிருக்கிறியளோ?”

நான் ஒன்றும் கொண்டு போயிருக்கவில்லை. பைக்குள் கிடந்தது சாவகச்சேரியில் வாங்கிய கச்சான் சரை, வறுத்த கடலைப் பொட்டலம், மட்டும்தான். கச்சானைப் பிலோமினாவின் மடியில் கொட்டிவிட்டு, சுற்றியிருந்த பத்திரிகைத் துண்டை விரித்துக் கொடுத்தேன். அது யாரோ ஒருவருடைய மரண அறிவித்தல். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாரையும் விரல் வைத்து, ஒருவரையும் விடாமல், பஸ் நிலையம் வரும்வரை சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தாள்.